விரலால் கேட்ட சக்கரங்கள்

போன சனிக்கிழமை புரோசார்ட்டில் ஒரு கடைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில் எனக்கு வாய்த்த தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஒன்று உறுமிக்கொண்டே வந்தது. வேறு வண்டி எடுத்திருக்கலாம். நானோ கத்தரிக்காய்களுக்கு முன்னால் அதைச் சரித்து, சக்கரத்தைச் சுழற்றி, அச்சில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மா, ப்ளீஸ், ஆக்கள் பாக்கினம்" என்று மகள் பல்லைக் கடித்தாள். பேரிங் போய்விட்டது என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

விரலில் ஒட்டிய கிரீஸ் மணம் வீடு வந்து சோப்புப் போட்டும் போகவில்லை. நானும் அவ்வளவு தேய்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த மணத்தோடுதான் செயின்ட்-மிஷேலில் பஸ் ஏறுவேன். பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும், அது ஒரு வசதி. திருகோணமலையில் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கனடாவில் கிடைத்த முதல் வேலை, ஸ்னோமொபைல் சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுவது. பனியில் சறுக்கும் வண்டிக்குச் சக்கரம் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். அடியில் சுற்றும் ரப்பர்ப் பட்டியை உள்ளே இருந்து தாங்குவதற்கு உள்ளங்கையளவு சக்கரங்கள் வரிசையாக இருக்கும். உருகிய பனி அவற்றின் பேரிங்குக்குள் புகுந்து துருவேற்றிவிடும். உறைந்த ஏரிக்கு நடுவில் ஒன்று இறுகிப்போனால், ஏறிப் போனவர் நடந்துதான் திரும்ப வேண்டும்.

அதனால் பனி விழ முன்னமே சக்கரங்களைக் கழற்றி எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள். மேசையில் நானும் ஜெயாவும். ஜெயா மட்டக்களப்புக்காரி, கணவரை ஊரில் விட்டுவிட்டு வந்தவள். வேலை நிலைத்தால்தான் அவரைக் கூப்பிடலாம் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. பேரிங்கின் மெல்லிய ரப்பர் மூடியைச் சேலை ஊக்கால் கிளப்புவாள், ஒரு கீறல் விழாது. உள்ளே கழுவி, குளிரில் இறுகாத கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பி, மூடி, சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே பிடிக்க வேண்டும். "எகூத்!" என்பார் முதலாளி ஜில். கேள் என்று அர்த்தம். நான் படித்த முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான், போன்ஜூர் கூடப் பிறகுதான் வந்தது. நல்ல பேரிங் மூச்சு விடாது, கெட்டது கரகரக்கும். அதைக் கேட்பதற்காகவே பட்டறையில் வானொலிக்குத் தடை. அலமாரி மேலே ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது.

ஜெயாவுக்குக் காது கேளாது. முற்றத்தில் ஷெல் விழுந்த நாளோடு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. வாயசைவைப் பார்த்துத்தான் கதைப்பாள். "ஜில்லுக்குச் சொல்லிராதகா" என்றாள். சொல்வேனா? அவளுடைய சக்கரங்களையும் நானே காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டுவேன். ஜில் பின்னால் நின்று கூப்பிட்டால் மேசைக்கடியில் அவள் காலை மிதிப்பேன். பாவம், நிறைய மிதி வாங்கியிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. வில்லரேயில் என் அறையில் சொறியாமல் படுத்திருந்தேன். சொறிவதை விட அவளை நினைப்பதுதான் பெரிய உபத்திரவம். அவளுக்காகக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

திரும்பிப் போன காலை, கதவைத் திறக்க முன்னமே வானொலி அலறுவது கேட்டது. கேட்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள், ஜெயாவையும் அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துக் கதவைத் தள்ளினேன். உள்ளே ஜெயா தன் இடத்தில் இருந்தாள். எதிரே ஜில், ஒரு சக்கரத்தின் நடு ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுழற்றியபடி, பூசையில் நிற்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று ஜெயாவின் முன்னால் போய்க் கேட்டேன்.

"பின்னால நிண்டு கூப்பிட்டிருக்கார், எனக்குக் கேக்கல்ல. பிடிபட்டுட்டன். மறுகா என்ன செய்ற? சக்கரத்த அவர்ட கையில குடுத்து, விரல வெக்கச் சொன்னன். சோத்துக்குள்ள கல்லு மாதிரி நெருடும்கா. அவருக்கும் நெருடிற்று."

அவர் காது நல்லதென்று விட்ட சக்கரம் அது. ஜில் போய் வானொலியின் தூசியைத் தட்டிப் போட்டாராம். அதன் பிறகு பட்டறையே விரலால்தான் பார்த்தது. ஜெயாவிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பெரிய உடம்போடு மேசையைச் சுற்றி வந்து அவள் முன்னால் நிற்பார், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அதற்கு நன்றி சொல்ல அப்போது எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. இப்போது போதும், அவர்தான் எங்கே என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஜெயாவின் கணவர் வந்து இறங்கினார். பட்டறையில் நாங்கள் நாள் முழுக்க வானொலியில் அக்கோடியனும் அழுகையுமாகப் பாட்டுக் கேட்டோம். ஜெயா உள்ளங்கையை மேசையில் பதித்து, அதன் அதிர்வுக்குத் தலையாட்டுவாள்.

சனிக்கிழமை பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்துத் தள்ளுவண்டிக் கதையைச் சொன்னேன். இப்போது காதில் நல்ல கருவி, போனிலும் கதைப்பாள். மகள் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டுவிட்டாள்.

"இதயாகா நாள் முழுக்கக் கேட்டீங்க?" என்று ஜெயா விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் நல்ல பாட்டு எண்டெல்லோ தலையாட்டின!"

பேரிங் கெட்டால் இப்போது சக்கரத்தோடு எறிந்துவிட்டுப் புதிது போடுகிறார்களாம். பட்டறை இருந்த இடத்தில் கார்டரி என்று ஒரு பிள்ளைகள் காப்பகம், சின்னப் பிள்ளைகள் கத்துகிறார்கள். அதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அந்த மேசையில கைய வெச்சிக் கேக்கக்குள்ள நல்லாத்தான் இருந்திச்சி" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அந்த மேசைதான் இப்போது இல்லை.