அமாவாசைக் கோல்

மாவட்டங்களைப் பிரித்தபோது பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரை திருப்பதியோடு சேர்ந்தது. மலையை மட்டுமே பார்த்து வளர்ந்த என் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குத் திடீரென்று ஏரியும் பொறுப்பானது.

இருக்கம் தீவில் வேலை முடித்துத் திரும்பிய அன்று, காற்று அதிகம் என்று மோட்டார் படகை நிறுத்திவிட்டார்கள். கரைக்குப் போயே ஆக வேண்டிய ஒரு மீனவர் தம் பாய்ப்படகில் என்னை ஏற்றிக்கொண்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரு படகுதான்.

ஏரி ஆழமில்லாதது. அதுதான் தொல்லை. அலை உயர எழாது. குட்டையாக, நெருக்கமாக, ஓயாமல் அடிக்கும். பாதி வழியில் வடகாற்று பாயைக் கிழித்தது. பிறகு முன்பக்கத்தில் பலகை இணைப்பு விட்டுத் தண்ணீர் உள்ளே வந்தது. வாய் வெட்டிய எண்ணெய்க் கேனால் இறைத்தேன். இறைத்த அளவுக்கே திரும்ப வந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தால் பலகை பிரிந்துவிடும் என்றார் அவர், குரல் மாறாமல்.

சவுக்கு மரங்கள் நின்ற ஒரு மணல் திட்டின் தென்புறத்துக்குப் படகைத் திருப்பினார். திட்டைச் சுற்றி வளைந்ததும் காற்று அறுந்தது. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. அவர் தள்ளுகோலைச் சேற்றில் ஊன்றிக் கயிற்றைக் கட்டினார். முடிச்சு விழுவதற்குள் கரையில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

“கோலப் புடுங்கு,” என்றார் அவர்களில் மூத்தவர்.

“பாய் கிழிஞ்சிருச்சு மாமா. பலகையும் உட்டுக்கினு இருக்குது.”

“யாருக்குடா நான் மாமா?”

இந்த ஏரியில் மீன்பிடிக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். ஊர்கள் அதை முறை வைத்துப் பகிர்கின்றன. முறை அமாவாசையில் மாறும். முறை வந்த ஊர்தான் முதல் கோலை ஊன்ற வேண்டும். வேறு ஊர்க் கோல் முந்திக்கொண்டால் தகராறுதான். இந்த அமாவாசையோடு முறை கரையில் நின்றவர்களின் ஊருக்கு வருகிறது. இந்தப் பாட்டுக்காக அந்த ஊரும் படகுக்காரர் ஊரும் முன்பே அடித்துக்கொண்டிருக்கின்றன.

அமாவாசை நாளைக்குத்தானே என்றார் படகுக்காரர். அவர் விடியலை வைத்து நாள் கணக்கிட்டிருந்தார். அவர்கள் திதியைக் கணக்கிட்டிருந்தார்கள்.

“மத்தியானமே புடிச்சிருச்சு. உங்கூர்ல காலண்டரு கிழிக்கிறதுக்கு மட்டுந்தானா?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் குறுக்கிட்டு, திருப்பதியிலிருந்து வருகிறேன், பத்திரிகையில் இருக்கிறேன் என்றேன். அது நிலைமையைக் கெடுத்தது.

“பேப்பர்காரனக் கூட்டிக்கினு வந்து கோல் ஊனுறியா? சாட்சிக்கா?”

இளையவர்கள் தெலுங்குக்கு மாறி படகுக்காரர் வீட்டுப் பெண்களைப் பேச்சில் இழுத்துத் திட்டினார்கள். அவர் கோலைப் பிடுங்கினார். படகு மெல்லத் தெற்கே, திறந்த தண்ணீரை நோக்கி நகர்ந்தது. உடனே நெஞ்சளவு நீரில் குதித்துப் படகின் முனையைப் பிடித்துக்கொண்டார். சேறு காலை உள்ளே இழுத்தது. பிடி நழுவியது, மறுபடி பிடித்தார். கரையில் மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்து மூத்தவர் தம் கோலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். எங்கள் படகுக்கு அருகிலேயே ஊன்றினார். கயிற்றுக்குக் கை நீட்டி, தாமே அதில் கட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பேப்பர்காரரே, பாத்துக்கினியா? மொதக் கோல் யாருது?”

படகுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் படகைப் பார்த்தேன்.

“உங்களுது,” என்றேன்.

மூத்தவர் கரையேறிவிட்டார். கரையில் அவர்களிடம் குடிநீர்க் குடம் இருந்தது. கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. படகுக்காரர் கிழிந்த பாயிலிருந்து துண்டு துண்டாகக் கிழித்துப் பலகை இடுக்கில் திணித்தார்.

பொழுது சாயும்போது காற்று தணிந்தது. அவர் முடிச்சில் கை வைக்கப் போனார். “தொடாத,” என்று கரையிலிருந்து குரல் வந்தது. மூத்தவர் இறங்கி வந்து தாமே அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டாமல் தண்ணீரில் எறிந்தார். படகுக்காரர் அதை இழுத்துச் சேர்த்துக்கொண்டார்.

மிச்சப் பாயோடு கரையை நெருங்கினோம். படகுக்காரர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“மொதக் கோல் என்துதான் சார். நீங்க பாத்தீங்க.”

பலகை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கேனை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன்.