பச்சைப் புள்ளியும் கட்டைவிரலும்

இணையதளங்களும் அவை இருக்கும் சர்வர்களும் விழாமல் ஓடுகின்றனவா என்று கண்காணிப்பது என் தொழில். நான் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஒரு மென்பொருள் பார்க்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒவ்வொரு பக்கத்தின் கதவையும் தட்டும். பதில் வந்தால் என் திரையில் அந்தப் பக்கத்துக்கு நேராகப் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்புப் புள்ளி, கூடவே என் செல்போனில் ஓர் அலறல். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இதை வைத்துக்கொண்டு சின்னதும் பெரியதுமாக நாற்பது தளங்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் திமிரும் இருந்தது. வாடிக்கையாளர் யாராவது பயந்து போன் செய்தால், திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சையாத்தான் இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் வாடிக்கையாளர் யாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவேன், வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடம் இங்கிலீஷ், தெரு இந்தி, ரயில் மராத்தி. பம்பாயில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான், அதில் ஒன்றும் அதிசயமில்லை. அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். நான் மறைத்தேன். தமிழ்ச் சங்கங்களும் தமிழ்க் கடைக்காரர்களும் என்னைத் தேடி வந்ததே "நம்ம பையன், நம்ம பாஷை தெரிஞ்சவன்" என்றுதான். அந்தப் பெயரை விட மனமில்லை.

அப்படி வந்ததுதான் மாட்டுங்காவில் இருக்கும் ஓர் அறக்கட்டளை. அவர்களிடம் பெண்பிள்ளைகளுக்கான படிப்பு அறை ஒன்று உண்டு. மராத்திக்காரர்கள் அப்யாசிகா என்பார்கள். வீடு பத்துக்குப் பத்து, அதற்குள் ஐந்து பேர், ஒரு டிவி என்று இருக்கிற ஊரில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சத்தமில்லாத நாலு சுவர். வருடத்துக்கு முப்பது இடம்தான். மே மாதம் முழுக்க விண்ணப்பிக்கலாம், இணையதளத்தில் மட்டும். இங்கிலீஷில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். தமிழ்ப் பக்கம் தாராவிக்காரர்களுக்கு என்று செயலாளர் சொல்லியிருந்தார். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்.

மே மாதத் தொடக்கத்தில் அவர் இரண்டு பக்கங்களையும் போடச் சொன்னார். தமிழுக்கு என் கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று இந்த வருட அறிவிப்பு. இன்னொன்று, போன வருடம் விண்ணப்பம் முடிந்ததும் போட்டது. இரண்டிலும் மேலே அறக்கட்டளையின் முத்திரை, நடுவில் மூன்று பத்தி, கீழே அழுத்துவதற்கு ஒரு பட்டன். எனக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. அம்மா மூன்றடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். "இது என்னன்னு பாரும்மா" என்று லேப்டாப்பைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. ஏதோ ஒன்றை ஏற்றினேன். பக்கம் திறந்தது. பச்சைப் புள்ளி விழுந்தது.

நான் ஏற்றியது போன வருடத்தது. "இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது" என்று மே மாதம் முழுவதும் அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே இருந்த பட்டனில் "முகப்புக்குத் திரும்புக" என்று இருந்தது. செயலாளர் இங்கிலீஷ் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

இரண்டாவது வாரம் ஒரு பெண்மணி போன் செய்தார். உதவி எண் என்று தளத்தில் என் நம்பரைத்தான் போட்டிருந்தார்கள். தாராவியில் பை தைக்கிற பட்டறையில் நூல் வெட்டுகிற வேலை என்றார். மகள் பன்னிரண்டாவது போகப் போகிறாள், லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், அதனால் தானே பார்ப்பதாகச் சொன்னார்.

"தம்பி, முடிஞ்சிட்டுன்னுலா போட்டிருக்கு. மே மாசம்னுலா சொன்னாவ?"

நான் திரையைப் பார்த்தேன். பச்சை. "அப்படி வராதுக்கா. சைட் சரியா ஓடுது. உங்க நெட் ஸ்லோவா இருக்கும், பந்த் பண்ணிட்டுத் திரும்பத் திறங்க" என்றேன்.

மறுநாள் மறுபடி போன். அதே கேள்வி, அதே பதில், என் குரலில் கொஞ்சம் எரிச்சல் கூடுதல். அந்த அம்மாவுக்கு போனைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் பேசவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பி, கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார். நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். முத்திரை தெரிந்தது, மூன்று பத்தி தெரிந்தது, பட்டன் தெரிந்தது. பக்கம் திறந்துவிட்டது, அதைச் சொல்கிறார் என்று நினைத்து 'சரி' என்று ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு குர்லாவில் இறங்கினேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

ஜூன் முதல் வாரம் மாட்டுங்காவுக்குப் போனேன். மாத அறிக்கையை அச்செடுத்து எடுத்துப் போயிருந்தேன். ஒரு நிமிடம்கூட விழவில்லை, நூறு சதவீதம் என்று இருந்தது. செயலாளர் அதை வாங்கி மேசையில் வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா இந்த வருஷம் தாராவிலேர்ந்து ஒரு அப்ளிகேஷன்கூட வரலையே. போன வருஷம் பாதி அவாதானே?" என்றவர், என் போனையே வாங்கித் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்சதுன்னு போட இந்த வருஷம் நான் இன்னும் சொல்லவே இல்லையே, இது போன வருஷத்து நோட்டீஸ். நீ இதைப் பார்க்கவே இல்லையா?"

"சர்வர்ல பழைய காப்பி மாட்டிக்கிட்டிருக்கும் சார். சர்வர் கம்பெனிக்காரங்க பண்ற கோளாறு" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சரளமாக வந்தது. அவர் நம்பினார். முப்பது இடமும் நிரம்பி, பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டியாகிவிட்டது, பிள்ளைகள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள், இனி யாரை எழுப்புவது என்று வருத்தப்பட்டார்.

வெளியே வந்து அந்த வாட்ஸாப் படத்தைத் தேடி எடுத்தேன். வீட்டுக்குப் போய், கீழே இருந்த அந்த ஒரு வரியை அம்மாவிடம் படிக்கச் சொன்னேன்.

"'தம்பி, இது நெசமாவே முடிஞ்சிட்டா?'ன்னு கேட்டிருக்கா. நீ என்னத்துக்குல கட்டைவிரல் போட்டிருக்க?" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்துத் தாராவிக்குப் போனேன். போன் செய்து வழி கேட்டபோது அந்த அக்கா சந்துமுனை வரை வந்து கூட்டிப்போனார். ஒரே அறை. கீழ்வீட்டில் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் காலுக்குத் தெரிந்தது. ஊரிலிருந்து திரும்பியிருந்த மகள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் டீயும் கிடைத்தன.

"நீங்க சொன்ன பொறவுதான் தம்பி விட்டோம். இல்லாட்டி நான் நேர்லயே போயிக் கேட்டிருப்பேன். ஆபீஸ்காரவுகளே முடிஞ்சிட்டுன்னு சொல்லும்போது சும்மா போயி நச்சரிக்கக் கூடாதுலா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தன் மரியாதையை எனக்கு விளக்குகிற மாதிரி சொன்னார்.

அங்கேயும் சர்வர் கதையைச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். டீ கையில் இருந்தது. "அக்கா, எனக்குத் தமிழ் படிக்க வராது. நீங்க அனுப்புனதை நான் படிக்கவே இல்ல. பக்கம் மாத்திப் போட்டதும் நான்தான்" என்றேன்.

அக்காவுக்கு முதலில் பிடிபடவில்லை. மகளுக்குப் பிடிபட்டது. புத்தகத்தை மூடினாள்.

"அப்ப நீங்க தெனமும் எதைப் பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பச்சைப் புள்ளியை என்று சொல்லாமல் பேச்சை மாற்றினேன். என் ஆபீஸில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, பகலில் வந்து படிக்கட்டும் என்றேன். "பொம்பளப் புள்ளைய எப்பிடித் தம்பி அனுப்ப?" என்றார் அக்கா. அது சரிதான். கேட்டிருக்கவே கூடாது.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் ஓர் உதவி கேட்டேன், வெட்கத்தை விட்டு. என் மென்பொருளுக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்தால், அந்த வார்த்தை பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கும், இல்லாவிட்டால் சிவப்பு விழும். இத்தனை வருடமும் தமிழ்ப் பக்கங்களுக்கு நான் எந்த வார்த்தையும் கொடுத்ததில்லை. எந்த வார்த்தை இருந்தால் வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம்? அவள் என் போனை வாங்கி "விண்ணப்பிக்க" என்று அடித்துக் கொடுத்தாள்.

மறுவாரம் செயலாளரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் தானும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்த வருடம் முழுக்க ஹார்பர் லைன் ரயிலில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பக்கத்தில் நிற்பவர்கள் என் பிள்ளைக்காகப் படிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த மே மாதம் தமிழ்ப் பக்கத்தை நானே மூன்று முறை படித்துவிட்டு ஏற்றினேன். அவள் கொடுத்த வார்த்தை பக்கத்தில் இருந்தது, பச்சை விழுந்தது. அவள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டிருந்தாள்.

சில நாள் கழித்து அக்காவிடமிருந்து வாட்ஸாப் வந்தது. தமிழில் ஒரே வரி. குர்லா பிளாட்பாரத்தில் ஓரமாக நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். இரண்டு ரயில் போய்விட்டது.

"புள்ள பாஸாயிட்டா தம்பி, நர்ஸிங் சேர மார்க்குதான் பத்தல."

அதைப் படிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.