லைட் பார்க்க ஒரு படம்

ஆளில்லாத இடங்களைப் படம் எடுப்பது எனக்குப் பன்னிரண்டு வருடப் பைத்தியம். மூடிப்போன கோழிப் பண்ணை, கூரை இறங்கிய ஜவ்வரிசி மில், வற்றி வெடித்துக் கிடக்கிற ஏரி, இப்படி. கோயில் குளம் என்று யாராவது கூப்பிட்டால் தலைவலி என்பேன். இடிந்த கட்டடம் என்றால் விடியக்காலையிலேயே குளித்து ரெடியாக நிற்பேன். திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். வாரம் முழுக்கப் பிள்ளைகள் சத்தம். ஒரு நாளாவது யாருமே இல்லாத இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். பெரிதாக ஒன்றும் இல்லை.

என்னை வண்டியில் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படுக்க வேண்டிய மனுஷன். "நல்லா இருக்கற ஊட்டையெல்லாம் உட்டுப்போட்டு இடிஞ்ச ஊட்டைத் தேடிப் போறியே அம்மிணி, பொண்ணு குடுக்கறப்ப உங்கூட்ல இதைச் சொல்லவே இல்லையே" என்பார். சொல்லிக்கொண்டே சாவியை எடுப்பார்.

கல்யாணமான புதிதில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ராஜஸ்தான் வரைக்கும் போய் வந்தவர் அவர். எனக்கும் பாலைவனத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் நச்சரித்தேன். "அங்க என்ன இருக்குது, மணலு. மேட்டூர்ல தண்ணி வத்தட்டும், நான் காட்டறேன்" என்றார். ஒரு கோடையில் அணையில் தண்ணீர் இறங்கியதும் நிஜமாகவே கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் பாளம் பாளமாக வெடித்த சேறு. நடுவில் கவிழ்ந்து கிடந்தது ஒரு பரிசல். "இந்தா உன் பாலைவனம், எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்.

எனக்கு ஒரு பழக்கம். நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று வெறும் சுவரைப் பார்த்தால் எனக்குப் பிடிபடாது. ஒரு முகம் வேண்டும். அதனால் எங்கே போனாலும் முதல் படம் அவர்தான். "அந்த வாசப்படிகிட்ட நில்லுங்க, லைட் பார்க்கணும்" என்பேன். நிற்பார். ஒன்று எடுத்துப் பார்த்து, கேமராவில் அளவைச் சரிசெய்துவிட்டு, "ஆச்சு, தள்ளிக்கங்க" என்பேன். தள்ளிக்கொள்வார். அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிடுவேன். ஆரம்பத்தில் மெமரி கார்டில் இடம் இல்லாமல் அழித்தேன். பெரிய கார்டு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளில்லாத படங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்பது எனக்கு ஆகாது. புழுதியில் அவர் செருப்புத் தடம் விழுந்திருந்தால்கூட வள்ளென்று விழுவேன். வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து, தன் தடத்தைத் தானே கூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே போவார்.

படங்களை இணையத்தில் போடுவேன். ஆள் அரவமே இல்லாத அமைதி என்று யாரோ எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்பத் தண்ணி பாட்டலைப் புடிச்சுக்கிட்டு நின்னது யாராம்?" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறையில் டீ குடித்துவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. பள்ளியிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தாறு வயது.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் ரோட்டு முக்கில் பேனர் கட்டிவிட வேண்டும். கொழுந்தனார் என்னிடம் வந்து, "அண்ணி, பேனருக்கு அண்ணன் போட்டோ வேணுங்க. உங்ககிட்ட இல்லாததுங்களா" என்றார். என் வீட்டுக்காரரை வாசலில் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினேன். பண்ணை, மில், ஏரி, சுவர், பண்ணை. "புருஷன் அங்க கெடக்கறான், இவ கம்ப்யூட்டரைப் பார்க்கறா பாரு" என்று ஒரு சித்தி சொன்னது காதில் விழுந்தது. போனில் நாலைந்து படம் இருந்தது. கல்யாணக் கூட்டத்தில் யார் தோளுக்கோ பின்னால், பந்தியில் இலைக்குக் குனிந்தபடி, ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றிலும் முகம் முழுசாக இல்லை.

கடைசியில் எங்கள் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தேன். பேனர் அடிப்பவர் என்னை வெட்டியெடுத்துவிட்டு அவரை மட்டும் வைத்திருந்தார். ஓரத்தில் என் பட்டுச்சேலையின் அரக்குக் கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வயது மாப்பிள்ளை, அரும்பு மீசை. துக்கத்துக்கு வந்த லாரிக்காரர் ஒருத்தர் பேனரைப் பார்த்துவிட்டு, "எறந்தது தம்பிங்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நரைத்த மீசையும், புருவத்துக்கு மேல் வெல்டிங் பொறி பட்ட தழும்புமாக என்னோடு இருந்த மனுஷன் அந்தப் படத்தில் இல்லை.

அந்த முகம் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. கருமாதி முடிந்ததும் பழைய கார்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அழிந்த படங்களை மீட்டுக் கொடுக்கிற கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். "அழிச்ச எடத்து மேலயே திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கீங்கம்மா. பழசு ஒண்ணும் தேறலை" என்றார். பன்னிரண்டு வருடமாக வாரம் தவறாமல் அவரைப் படம் எடுத்திருக்கிறேன். வாரம் தவறாமல் நானே அழித்தும் இருக்கிறேன். அழிக்கிற பட்டனை அமுக்கிய அந்தக் கட்டை விரலை நறுக்கிப் போட்டால் என்ன என்று இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் பாதி வந்திருந்தது. நாங்கள் கடைசியாகப் போன இடம், நாமக்கல் பக்கம் மூடிக் கிடந்த கோழிப் பண்ணை. மேலே வானம், பிறகு சிமெண்ட் சீட் கூரை, அதற்குக் கீழே அவர் தலைமுடி, நெற்றி, தழும்பு, வெயிலுக்குச் சுருக்கிய கண் இரண்டும். மூக்குப் பாதியிலிருந்து கீழே வரைக்கும் சாம்பல் நிறப் பட்டை. மீசையும் இல்லை, வாயும் இல்லை. "இது கெட்டுப்போன பைலும்மா, அழிச்சிரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். "கையை எடுய்யா" என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுஷன், வெலவெலத்துப் போனார்.

அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கொழுந்தனாருக்கு அது பிடிக்கவில்லை. "வருஷத் திதிக்காச்சும் கல்யாணப் படத்தை மாட்டிரலாங்க அண்ணி. இதைப் பார்க்கறவங்க சங்கடப்படறாங்க" என்கிறார். படட்டும். கல்யாணப் படத்தில் அவர் யாரோ ஒரு போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் நான் எப்போது தள்ளிக்கொள்ளச் சொல்வேன் என்று என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.