ராகு காலம் கழிந்தபின் இறங்கிய கம்பி

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எட்டாத உயரத்தை ஏறாமல் அளப்பதில் என்னை மிஞ்ச ஒரகடத்தில் ஆள் கிடையாது. பெருமையா என்றால், பெருமைதான்.

சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். ஒரு பக்கத்தைத் தரைமட்டமாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியே மேலே பார்க்க வேண்டும். பார்க்கிற உச்சி அந்த விளிம்பில் வந்து உட்காரும்வரை பின்னால் நடக்க வேண்டும். நிற்கிற இடத்துக்கும் அந்த உச்சியின் நேர் அடிக்கும் உள்ள தூரத்தோடு நம் கண் உயரத்தைக் கூட்டினால் அதுதான் உயரம். நாற்பத்தைந்து டிகிரிக்கு இரண்டு பக்கமும் சமம் என்று சைட் இன்ஜினியர் சொல்லித் தந்தார். ஒரே தடவைதான், பிடித்துக்கொண்டேன்.

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக்கு இரும்புக் கூரை ஏற்றினோம். அன்று எனக்கு ஒரே கிரேன். இன்றைக்கு எத்தனை என்று எண்ணித்தான் சொல்ல வேண்டும். மனையின் ஓரமாக ஹைடென்ஷன் கம்பி போனது. கிரேன் ஓட்டியவர் திருநெல்வேலிக்காரர். கம்பியில் பட்டால் முதலில் போவது அவர் உயிர்.

காலைக் குளிர்ச்சியில் கம்பியின் உயரத்தை நான் அளந்தேன். கிரேன் கையின் நீளத்தையும் சாய்வையும் வைத்து நுனி எதுவரை போகும் என்று இன்ஜினியர் கணக்குப் போட்டார். இடைவெளி தாராளம். ஆனால் தூக்கும் முன் போட்ட பூஜை முடிவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. புதன்கிழமை, உச்சிவேளை. ஒன்றரைக்கு மேல் தொடலாம் என்றார்கள், யாரும் மறுக்கவில்லை.

வெயில் கொதித்தது. மேலே கம்பி விடாமல் இரைந்தது. கேபினில் ஏறப்போன ஓட்டுநர் நின்று, "அண்ணாச்சி, காலையில இந்த இரைச்சல் இல்லியே" என்றார்.

"இன்னாபா, கம்பி உன்னியப் பேர் சொல்லிக் கூப்புடுதா?" என்றேன். அவர் சிரிக்காமல் ஏறினார்.

தூக்கும் முன் இன்னொரு தரம் பார்ப்பது என் வழக்கம். காலையில் அடையாளம் வைத்த கல்லில் நின்று காகிதத்தைப் பிடித்தேன். கம்பி விளிம்பில் இல்லை, அதற்குக் கீழே கிடந்தது. ஓர் எட்டு முன்னே வைத்தேன், போதவில்லை. இன்னோர் எட்டு வைத்தபோதுதான் சேர்ந்தது. நான் முன்னே வந்த அளவுக்குக் கம்பி இறங்கியிருந்தது.

திரும்பினால் கிரேன் கை எழுந்துகொண்டிருந்தது. துண்டை வீசி நிறுத்தினேன்.

இன்ஜினியர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "சூட்டுல கம்பி நீண்டு தொங்கும். காலைக் கணக்கு இப்ப செல்லாது. கரன்ட் நிறுத்தாம தொட வேணாம்" என்றார்.

ஓட்டுநர் இறங்கி நுனியையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

சூடு தணிந்த சாயங்காலம், அதே கல்லில் நின்று பார்த்தேன். கம்பி மறுபடி விளிம்புக்கே ஏறியிருந்தது, ஒன்றும் அறியாததுபோல.