எண்ணெய்ப் பொட்டு

துறைமுகத்தடிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த விலங்கியல் ஆசிரியர் ஈர்க்கில் போல மெலிந்தவர். தலையில் மட்டும் எண்ணெய் வழியும். கொழுப்பு, எண்ணெய் பற்றிய இலிப்பிட்டுப் பாடம் வந்தால், தலைமயிரில் விரலைத் தடவித் தாளில் ஒற்றி வெளிச்சத்தில் பிடிப்பார்.

“தண்ணிப் பொட்டெண்டால் காஞ்சிடும். இது போகாது, பிள்ளையள்.”

லோஞ்சுப் படகு முதலாளியின் மகன் அந்தப் பாடச் சோதனையில் தவறினான். புள்ளியைக் கூட்டிப் போடச் சொன்னார் பள்ளிக்கூட அதிபர். இவர் மறுத்தார்.

“உமக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு.”

“ஓம், சேர். உடம்பில ஒவ்வொரு கலத்துக்கும் கொழுப்புத்தான் வேலி. அது இல்லாட்டிக் கண்டதெல்லாம் உள்ளுக்கு வந்திடும்.”

அடுத்த கிழமையே இடமாற்றம் வந்தது, குடாவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அந்த முதலாளியின் லோஞ்சில்தான் ஏறிப் போனார்.

ஆசிரியர் அறையில் அவர் கதிரையில் இருந்தபடி தலை சாய்த்த சுவரில் எண்ணெய்ப் பொட்டொன்று கிடந்தது. அதிபர் வெள்ளையடித்துப் பார்த்தார். பொட்டு மேலே வந்துவிட்டது. புள்ளியைக் கூட்டிக் கொடுத்த புது ஆசிரியர் அந்தக் கதிரையில்தான் இருந்தார். சுவரில் தலை படக்கூடாதென்று எப்போதும் முன்னுக்குக் குனிந்தே இருந்தார்.