செக்கிங் அக்காவின் கட்டைவிரல்

பதினெட்டு வருடமாக அவள் பார்த்தது ஒரே வேலைதான்: திறப்பது, ஆட்டுவது, மூடுவது. சட்டைப்பைக்குள் அடங்குகிற மடக்குக் குறடு செய்கிற கம்பெனி அது. விரித்தால் குறடு. கைப்பிடிக்குள் இரண்டு கத்தி, ஒரு சின்ன ரம்பம், இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு கத்திரிக்கோல், ஒரு மூடி திறப்பான். ஆறு மேஜைகளில் ஆறு பேர் பாகங்களைச் சேர்த்து முடுக்கி அனுப்புவார்கள். ஏழாவது மேஜை அவளுடையது. அவள் கட்டைவிரல் படாமல் ஒரு குறடும் வெளியே போகாது. நாளைக்கு நானூற்றெண்பது குறடு. ஒவ்வொன்றிலும் ஏழு பிளேடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே விரல் மூவாயிரம் தடவைக்கு மேல் தள்ளியாக வேண்டும். அவள் கணக்குப் போட்டதில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பாள்.

அவள் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் செக்கிங் அக்கா. அவளைவிட ஏழு வயது மூத்த மேனேஜருக்குக்கூட அக்காதான்.

முன்பெல்லாம் மேஜையில் ஒரு ஸ்பிரிங் கேஜ் இருந்தது. கொக்கியைப் பிளேடு நுனியில் மாட்டி இழுத்தால், திறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று முள் காட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அது கீழே விழுந்து முள் வளைந்துவிட்டது. புதிதாக வாங்கச் சொல்லி அவள் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் 'அவசியமில்லை' என்று திரும்பி வந்தது. மேனேஜர் அதையே பெருமையாக்கிவிட்டார். வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தால் அவளிடம் கூட்டிக்கொண்டு வந்து, எங்களிடம் மெஷின் கிடையாது, இந்த அக்காவின் விரல்தான் மெஷின் என்பார். வந்தவர்கள் கைதட்டுவார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு கருவியின் விலையைக் கம்பெனி அவள் தலையில் கட்டியிருக்கிறது என்பது அந்தக் கைதட்டலில் காதில் விழவில்லை.

காலையில் முதல் குறடை முடுக்கியதும் ஆறு மேஜைக்காரர்களும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவள் தள்ளிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்து, அரைக்கால் சுற்று முடுக்கு என்பாள். அன்றைய உற்பத்தி முழுக்க அந்த அளவில் போகும். அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

விரலில் முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு துணி சுற்றியது போல. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு காலையில் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை விளிம்பைப் பிடித்து இறக்கி வைத்தாள். விரலில் கொப்புளம் எழும்பியிருந்ததைப் புருஷன்தான் முதலில் பார்த்தான். அவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் எழுதுகிறவன். டாக்டரிடம் போகலாம் என்றான். டாக்டர் சீட்டு எழுதுவார், சீட்டு கம்பெனிக்குப் போகும் என்றாள் இவள். பாலிஷ் பிரிவில் ஒருத்தி இருமலுக்குச் சீட்டு வாங்கி வந்தாள். அடுத்த வாரம் அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆண்டுக்கணக்கில் உலோகத் தூளைச் சுவாசித்த நெஞ்சு இருமினால் அது நெஞ்சின் குற்றம். அங்கே சட்டம் அப்படி.

ஆகவே அவள் காதையும் கண்ணையும் வைத்துச் சமாளித்தாள். பிளேடு முழுக்கத் திறந்ததும் உள்ளேயிருக்கிற பூட்டுத் தகடு 'டக்' என்று நகர்ந்து அதன் பின்னால் உட்கார வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் சரி. பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறுக்கம் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. செத்த விரலுக்கு எல்லாப் பிளேடும் வெண்ணெயில் போகிற மாதிரிதான் போயிற்று. தளர்வாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் முடுக்கு என்றாள். முடுக்கினார்கள். மறுமாதமும் சொன்னாள், மறுபடி முடுக்கினார்கள். ஆறு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு மாதத்தில் அந்தக் கம்பெனியின் குறடுகள் ஒன்றைப் போல ஒன்று அச்சடித்தாற்போல வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் புகார் வந்தது. எங்கேயோ ஒரு வயர்மேன் கேபிளை வெட்டும்போது கத்தி மடங்கி, சுட்டுவிரல் நரம்பு அறுந்துவிட்டது. கடிதம், படம், அந்தக் குறடு எல்லாம் பார்சலில் வந்தன. கைப்பிடியின் உட்பக்கம் '4' என்று முத்திரை.

அங்கே மேஜை எண்தான் ஆளின் பெயர். நாலாம் மேஜைக்காரனை எல்லாரும் நாலு என்பார்கள். வீட்டிலே உன் பெண்டாட்டிக்கு எத்தனாம் நம்பர் என்று கேலி செய்வார்கள். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். முடுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற பயம் அவனுக்கு.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. விசாரணை என்பது பேச்சுக்கு. வேலைநீக்கக் கடிதம் தேதி மட்டும் போடாமல் மேஜையில் தயாராக இருந்தது. நாலு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா சொன்ன மாதிரிதான் சார் முடுக்கினேன். நானா எதுவும் செய்யலை."

"தப்பு பண்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்" என்ற மேனேஜர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க அப்படிச் சொன்னீங்களாக்கா?"

பயப்பட வேண்டிய நேரம். அவளுக்குப் பயம் வரவில்லை. விரலில் தொடங்கிய மரப்பு உள்ளே பரவிவிட்டதோ என்னவோ, யாருடைய அறையிலோ யாரையோ பார்த்து யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

"ஞாபகம் இல்லை சார்."

நாலு அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். மறுநாள் மதியம் முடிவு சொல்வதாக மேனேஜர் அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷன் ஒழுகுகிற குழாய்க்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தான். வருட முடிவில் போனஸ் என்ற பெயரில் கம்பெனி ஆளுக்கொரு குறடு கொடுக்கும். நாடாவை வெட்ட, கடைசியாகக் கொடுத்ததை எடுத்தவன் பிளேடைத் திறக்கப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இதென்ன, கழுதை மாதிரி அடம் பிடிக்குது? உன் கம்பெனிக்காரன் இதைத் திறக்கிறதுக்கு இன்னொரு குறடு இலவசமாத் தரணும்."

அவள் அதை வாங்கி வலது கட்டைவிரலால் தள்ளினாள். வெண்ணெய். பிறகு, பதினெட்டு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள்: இடது கைக்கு மாற்றி, இடது கட்டைவிரலால் தள்ளினாள். பிளேடு லேசில் அசையவில்லை. அலமாரியிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய குறடை எடுத்து அதே இடது விரலால் தள்ளினாள். சுலபமாகத் திறந்து 'டக்' என்றது.

இரண்டு விரல் இரண்டு சேதி சொன்னால் எதை நம்புவது? அவள் எதையும் நம்பவில்லை. பிளாஸ்டிக் பையொன்றைப் பிளேடு நுனியில் கட்டித் தொங்கவிட்டாள். புருஷன் குறடைச் சிங்க்குக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டான். டம்ளர் டம்ளராகப் பையில் தண்ணீர் ஊற்றினாள். பழைய குறடின் பிளேடு இரண்டாவது டம்ளரில் கீழே இறங்கியது. புதியது ஏழாவது டம்ளரில். இரண்டு தடவை செய்து பார்த்தாள். இரண்டு தடவையும் இரண்டு, ஏழு.

பிறகு புதியதை மெதுவாக, சாதாரண மனிதர் திறக்கிற வேகத்தில் திறந்து விளக்கடியில் பிடித்தாள். பக்கத் தகடுகள் நெரித்ததில் பூட்டுத் தகடு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மயிரிழை அளவுதான் பிளேடைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் பிளேடின் முதுகில் தட்டினாள். மடங்கிவிட்டது. மேஜையில் அவள் எதையும் உணராமல் பலத்தைக் கொடுத்துத் தள்ளித் தள்ளித்தான் அங்கே 'டக்' கேட்டிருக்கிறது. வாங்குகிறவன் அப்படித் தள்ளமாட்டான்.

கைப்பிடியின் உட்பக்கம் பார்த்தாள். முத்திரை '2'.

புருஷன் சிங்க்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நான் எழுதுற மீட்டரை வருஷத்துக்கு ஒரு தரம் கழட்டிட்டுப் போய்ச் சரியா ஓடுதான்னு சோதிக்கிறாங்க. அது வெறும் தண்ணி. உன் விரலை இத்தனை வருஷத்திலே யாராவது சோதிச்சாங்களா?"

 அவள், உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் நாலு போவான் என்று மட்டும் சொன்னாள். அதையும் கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னாள். அவன், என் சம்பளத்தில் ஓட்டிவிடலாம், பழைய செருப்பு இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றான்.

மறுநாள் காலையில் இரண்டு குறடுகளையும் ஒரு டம்ளரையும் பையையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். நாலையும் கூப்பிடச் சொன்னாள். ஆறு மேஜையிலிருந்தும் ஆளுக்கொரு குறடு கொண்டுவரச் செய்து, அந்த அறையின் குப்பைத் தொட்டிக்கு மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். பழைய குறடு இரண்டே டம்ளரில் இறங்கியது. மற்றவை வரிசையாக ஏழு, ஏழு, ஏழு, ஆறரை, ஏழு, ஏழு. ஆறரை நாலுடையது. இருந்ததிலேயே கொஞ்சம் தளர்வானது அவன் முடுக்கியதுதான்.

"என் விரல்லே பதினோரு மாசமா உணர்ச்சி இல்லை சார். முடுக்கச் சொன்னது நான்தான். நேத்து ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, நிம்மதி. குற்றத்துக்கு ஆள் வேண்டும், அது எந்த ஆள் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. நாலை வேலைக்குப் போகச் சொன்னார். கால் மணி நேரத்தில் இன்னொரு தாள் டைப்பாகி வந்தது. நோயை மறைத்துப் பணியாற்றியதால் விளைந்த குறைபாடு; இன்றுடன் பணி முடிகிறது. அவள் முழுக்கப் படித்தாள்.

"கேஜ் உடைஞ்சது, மூணு தடவை கேட்டும் வாங்கித் தராதது, அதுவும் இதிலே வரணும்."

"அது வேற விஷயம்க்கா."

"அப்ப நான் கையெழுத்துப் போடலை. நோயை மறைச்சது உண்மை, ஒத்துக்கிறேன். பாதி உண்மைக்குக் கீழே என் பேர் வேண்டாம்."

அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். கையெழுத்து இல்லாவிட்டாலும் பணி முடிந்தது முடிந்ததுதான் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். போன வாரம் முடுக்கிய சரக்கு இருநூறு செக்கிங்குக்குக் கிடக்கிறது, லாரி வாசலில் நிற்கிறது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துக் குடுத்துட்டுப் போயிடுங்க. நாளையிலேருந்து நாலு உட்காருவான். அவன் விரல் நல்லா இருக்கு."

இதைக் கேட்டு ஒருவர் சிரிக்கலாம், அல்லது மேஜையைப் புரட்டிப் போடலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. போய் ஏழாம் மேஜையில் உட்கார்ந்தாள். முதல் குறடை எடுத்து, இடது விரலால் மெதுவாகத் திறந்து, தகடு நின்ற இடத்தைப் பார்த்து, கழிவுத் தட்டில் போட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பழக்கமில்லாத கை, நேரமெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கழித்த காரணத்தைச் சீட்டில் எழுதினாள்: பூட்டு பாதி. பூட்டு பாதி. பூட்டு பாதி.

தட்டு நிறைந்தது. இன்னொன்று கேட்டாள். நாலு கொண்டுவந்து வைத்தான், வைத்துவிட்டு நின்றான்.

"நாளைக்கு உன்னை இங்கே உட்காரச் சொல்வாங்க தம்பி."

"தெரியும்க்கா."

"கேஜ் வாங்கித் தந்தா உட்காரு."

"தராட்டா?"

"உன் விரல் எத்தனை வருஷம் தாங்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. நான் போடாம விட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். அது 'சரி' என்றா, 'பார்க்கலாம்' என்றா என்று தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து தட்டுகளைப் பார்த்தார். பாஸ் ஆனது ஒன்றுமில்லை. அவர் குரல் உயர்ந்தது. அவள் ஒரு குறடைத் திறந்து அவர் கையில் கொடுத்து, இதை உங்கள் விரலுக்கு நேரே வைத்துப் பிளேடின் முதுகில் தட்டிப் பாருங்கள் என்றாள். அவர் தட்டவில்லை. குறடைக் கீழே வைத்துவிட்டு, லாரியைக் காலியாகவே அனுப்பிவிடச் சொல்லி வாசலுக்கு ஆள் விட்டார்.

வெளியே எஞ்சின் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பார்க்க வேண்டியதில் இன்னும் முப்பத்தொன்று மிச்சமிருந்தது. ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் அடுத்ததை எடுத்தாள்.