பூதம் இல்லாத புத்தகம்

1. அட்டை முதலில் வந்தது

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஞானசேகரன் சார் என் மேசையில் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். சிறகு விரித்த சிவப்பு டிராகன் ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது.

"கலா, அட்டை ரெடி. இதுக்கு உள்ள ஒரு புத்தகம் எழுதணும்" என்றார்.

"என்ன கதைங்க சார்?"

"அது உன் வேல. படத்த வாங்கியாச்சு. சும்மா விட முடியுமா?"

பதுளை டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கொம்பனி. சார் அதற்கு முன் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள் அச்சடித்து விற்றவர். ரோல்பிளே கேம் புத்தகங்களுக்கு நல்ல கிராக்கி என்று வெளிநாட்டிலிருந்து மகள் சொல்ல, அதில் இறங்கிவிட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். அந்த முடிவு பலிக்குமா என்பதை டைஸ், அதாவது பகடை, சொல்லும். இதற்கான விதிகளையும் கதைகளையும்தான் நாங்கள் புத்தகமாகப் போட்டோம். ஆங்கிலத்தில் இணையத்துக்கு, தமிழில் அச்சுக்கு.

சார் ஒரு தடவைகூட ஆடிப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. "தொப்பி தைக்கிறவனுக்குத் தல வழுக்கையா இருந்தா என்னா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். எந்தப் புத்தகத்தைப் போடுவது என்று பதிப்பகத்தில் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஏதோ பெரிய ஆய்வு நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள், பாவம். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2. திங்கட்கிழமைக் கூட்டம்

கூட்டத்துக்கு மூன்று பேர். சார், நான், ரிஸ்வான் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அவருக்குப் பண்டாரவளையில் புத்தகக்கடை. எங்கள் அச்சுப் புத்தகங்களில் பெரும்பகுதி அவர் வழியாகத்தான் போகும். அதனால் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதம்.

நான் எழுதிய முதல் புத்தகத்தை நானா கையில் எடுத்தார். திறக்கவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"மெலிசா இருக்கு சேர். ராக்கையில நிறுத்தினா முதுகுல பேர் தெரியாது."

அவ்வளவுதான். புத்தகத்தின் முதுகு தடிக்க வேண்டும் என்பதற்காக வாள்களைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் எழுதினேன். நீள வாள், குட்டை வாள், வளைந்த வாள், துருப்பிடித்த வாள். ஒருவரும் அதைப் படித்ததாக இதுவரை தகவல் இல்லை.

வெளிநாட்டில் ஒரு பெரிய கொம்பனி கடற்கொள்ளையர் புத்தகம் போட்டால், அடுத்த திங்கள் எங்களுக்கும் கடற்கொள்ளையர். நாங்கள் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் இரத்தக் காட்டேறிக்குப் போயிருப்பார்கள். நாங்களும் கப்பலை நடுக்கடலில் விட்டுவிட்டுக் காட்டேறிக்குப் பின்னால் ஓடுவோம். இதற்கு சார் வைத்த பெயர், மார்க்கெட் ரிசர்ச்.

நியாயமான கணக்கு ஒன்றும் இந்தத் தொழிலில் உண்டு. கதைப் புத்தகத்தை மேசையில் கேம் மாஸ்டர் ஒருவர்தான் வாங்குவார். புதுப் பாத்திரங்கள், புதுச் சக்திகள் உள்ள புத்தகமென்றால் ஆடுகிற எல்லோரும் வாங்குவார்கள். அதனால் பதிப்பாளர்கள் கதைப் புத்தகம் என்றாலே இரண்டு தரம் யோசிப்பார்கள். இதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிடித்த புத்தகம் வரும்போது சாருக்கு இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வராது. பிடிக்காததைத் தள்ளும்போது மட்டும் எங்கிருந்தோ ஓடிவந்துவிடும்.

3. ஏழாம் நம்பர் லயம்

யோகேஸ்வரி, எங்களுக்கு யோகா, மடுல்சீமைக்காரி. பசறையில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டு, லீவு நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து எங்கள் புத்தகங்களை வைத்து ஆட்டம் நடத்தியவள். ஒருநாள் மேல்மாடிக்கு ஏறி வந்து சார் முன்னால் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"சார், உங்க டிராகன் புத்தகம் ரொம்ப போர். நான் ஒன்னு எழுதியிருக்கேன்" என்றாள்.

அவள் கதையின் பெயர் 'ஏழாம் நம்பர் லயம்'. லயம் என்பது தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகள். அடைமழைக் காலம். லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு தெரிகிறது. ஆடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே லயத்துக் குடும்பங்கள். போவதா, இருப்பதா? போனால் வேலைக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் போச்சு. போன பிறகு அந்தக் காம்பரா, அந்த ஒற்றை அறை, திரும்பக் கிடைக்குமா என்பதும் தெரியாது. ஒருத்தியிடம் கன்று போட்ட மாடு. ஒரு வீட்டில் மறுநாள் சடங்கு, பந்தல்கூடப் போட்டாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் மழைக்கு ஒரு டைஸ் உருட்ட வேண்டும். அடித்து வீழ்த்த எதிரி என்று யாரும் இல்லை.

நான் அன்றே படித்து முடித்தேன். அவ்வளவு காலம் அந்த மேல்மாடியில் இருந்து நான் படித்த கதைகளில், அடுத்து என்ன ஆகுமோ என்று பக்கத்தைப் புரட்ட வைத்தது அது மட்டும்தான்.

"ஆடிப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க சார்" என்று நான் பிடிவாதமாக நின்றேன். அடுத்த கூட்டத்தில் ஆடினோம். யோகா கேம் மாஸ்டர். எனக்குக் கைக்குழந்தைக்காரி வேடம். மாட்டுக்காரி பாத்திரம் ரிஸ்வான் நானாவுக்கு விழுந்தது. சாருக்குக் கங்காணி, தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர்.

முதலில் சார் கேலி பண்ணிக்கொண்டேதான் ஆடினார். தோட்டத்துத் தொரை சொல்லியனுப்பிய செய்தியை லயத்துக்குச் சொல்ல வேண்டியது கங்காணி. குரலை உயர்த்தி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒன்னும் ஆகாது, எல்லாரும் உள்ள போங்க. காலையில பெரட்டுல ஆள் எண்ணும்போது இல்லாதவங்களுக்குப் பேர் கிடையாது."

"மலை சத்தம் போடுதுங்க கங்காணி" என்றேன், கைக்குழந்தைக்காரியாக.

"மழைக்கு மலை சத்தம் போடத்தான் செய்யும். போம்மா உள்ள."

நானா மாட்டை அவிழ்த்துக்கொண்டு கோயில் பக்கம் போனார். நான் கங்காணியை நம்பி உள்ளே போனேன். யோகா டைஸை உருட்டினாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி அதை நடுவில் விட்டாள். மண் சரிந்து லயத்தின் மேல்பாதி போய்விட்டது. அந்தப் பாதியில்தான் நான் இருந்தேன்.

சாரின் முகத்தில் கேலி இல்லை. டைஸை மறுபடி உருட்டக் கையில் எடுத்தார்.

"திரும்ப ஆடலாம். நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. அந்த இடத்துலருந்து திரும்ப ஆடலாம்."

"இது ஒரு தரம்தான் சார்" என்றாள் யோகா.

"எங்கப்பா கங்காணி. தெரியுமா உனக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டு சார் எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார். குடையைக்கூட எடுக்கவில்லை.

நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "இந்தப் புத்தகத்த எனக்குத் தாங்க புள்ள. நான் விக்கிறேன்." முதுகு எவ்வளவு தடிப்பு என்று அவர் கேட்கவில்லை.

4. திருத்தம்

மறுநாள் யோகாவையும் நானாவையும் வரச்சொல்லியிருந்தார் சார். புத்தகம் போடத்தான் போகிறார் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

"கத நல்லா இருக்கு. அதான் பிரச்சினை" என்று ஆரம்பித்தார். "ராத்திரி நான் தூங்கவே இல்ல. காசு குடுத்து வாங்குறவன நாம தூங்க விடாம பண்ணலாமா?" பிறகு வழக்கமான கணக்கெல்லாம் வரிசையாக வந்தது. கதைப் புத்தகத்தை மேசைக்கு ஒருவர்தான் வாங்குவார். வெளிநாட்டுக்காரனுக்கு லயம் புரியாது. அட்டைக்கு என்ன படம் போடுவது?

"சேர், நான்தான் எடுக்குறேன்னு சொல்றேனே" என்றார் நானா. அவர் வாக்கு வேதமாக இல்லாமல் போனது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசியில் சார் முகம் மலர்ந்து ஒரு யோசனை சொன்னார். "ஒரு சின்னத் திருத்தம் பண்ணுவோம். மலைக்குக் கீழ ஒரு பூதம் இருக்கு. அதுதான் மலையக் குலுக்குது. எல்லாரும் சேர்ந்து பூதத்த அடிச்சுட்டா மண்ணு நின்னுடும். எப்பிடி?"

யோகா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பூதத்த அடிச்சா மண்ணு நின்னுடும்னா, நாங்க எப்பவோ அடிச்சிருப்போமே சார்."

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் காலடிச் சத்தம் படியில் அடங்குவதற்குள் சார் என் பக்கம் திரும்பினார். "நீ எழுது கலா. லயம் என்ன அவ சொத்தா? நமக்கும் தெரிஞ்சதுதானே."

"அவ கதைய அவகிட்டருந்து எடுத்து, அதுக்குள்ள பூதத்த விடச் சொல்றீங்களா சார்? என்னால முடியாது."

"அப்ப உன்னால வேற என்னா முடியும்?"

அந்தக் கேள்விக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். வீட்டில் ஒருவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதைத் தப்பென்றும் சொல்லமாட்டேன். வீட்டில் சம்பளம் வாங்கியது நான் ஒருத்திதான்.

5. விற்றதும் விற்காததும்

'பூதமலை' வேறொருவர் எழுதி வெளிவந்தது. பூதத்துக்கு ஏழு கை. நன்றாகவே விற்றது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதை ஆடிய பையன் ஒருவனிடம் லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "லயமா? அதுல லயம் எங்க இருக்கு?" என்றான்.

யோகாவும் நானும் 'ஏழாம் நம்பர் லயத்தை' போட்டோகொப்பி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து நானா கடையில் வைத்தோம். முதுகே கிடையாது. அப்புத்தளையில் ஒரு வாசிகசாலையிலும், மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலும் ஆடினார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் இப்போது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் யோகாவின் அடுத்த கதையைத் திருத்துகிறேன். அவள் எழுதியதைத் திருத்துவது அவளோடு சண்டை பிடிப்பது மாதிரி.

போன மழைக்காலத்தில் கடைக்குப் போனபோது நானா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க சேர் வந்தாரு. ஒரு கொப்பி வாங்கினாரு. பேப்பர்ல சுத்திக் குடு, யாருக்கும் தெரிய வேணாம்னாரு."

"ஆடுறதுக்கா நானா?"

"அத நான் கேக்கல."

கேட்கிற பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். தான் வாங்கிப் படிக்கிற புத்தகத்தைப் பதிப்பாளர் போடமாட்டார். வேறொருவன் வாங்குவான் என்று தான் நினைப்பதைப் போடுவார். அந்த வேறொருவன் யார் என்று அத்தனை திங்கட்கிழமையும் தேடினேன். அவன் ஒரு நாளும் படியேறி வரவில்லை.